ஒரே பவுடர், இரண்டு பிரைமர்: டோங்காட்டில் ஒரு ரீலோடிங் நிகழ்வு ஆய்வு

இது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பகுதியில் வசிக்கும் ஒரு மாமாவும் அவருடைய அக்கா மகனும் சந்தித்த நிகழ்வு. ரீலோடிங் என்பது சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில், அதாவது கேஸில், புதிய பிரைமர், பவுடர், புல்லட் வைத்து மறுபடி நிரப்புவது. பிரைமர் என்பது கேஸின் அடியில் உட்கார்ந்து, அடி பட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சின்னப் பொருள். இருவரும் நான் போகும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கே வருபவர்கள். பெயர் வேண்டாம், மற்றதை எழுதலாம் என்று சொன்னார்கள். சோதனைகள் பலவற்றை நான் கூடவே இருந்து பார்த்தேன். மற்றவை மாமாவின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. பவுடர் அளவுகளை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். அவை அந்த ஒரு துப்பாக்கிக்கு உரியவை, வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதவை.

பின்னணி

மாமாவுக்கு அறுபது வயதுக்கு மேல். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். குளிர்காலத்தில் டண்டீ பக்கம் தெரிந்த ஒரு பண்ணைக்குப் போய் பிளெஸ்போக் மான் வேட்டையாடுவார். வருடத்துக்கு வேண்டிய பில்டாங் (உலர்த்திய இறைச்சி) அதிலிருந்துதான். துப்பாக்கி .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கான, ஒவ்வொரு சுடலுக்கும் போல்ட்டைக் கையால் திறந்து மூடும் போல்ட் ஆக்‌ஷன். தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்புகிறார். பவுடர் சோம்கெம் கம்பெனியின் எஸ்335, பிரைமர் சிசிஐ கம்பெனியின் 200. பல வருடமாக இதே ஜோடி, இதே அளவு. மருமகனிடம் தனியாக ஒரு .223 துப்பாக்கி இருக்கிறது, அதற்கு உரிமமும் உண்டு. ரீலோடிங்கை மாமாவிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'தோட்டா' என்பதற்குள் பிரைமரும் அடங்கும். பவுடரும் புல்லட்டும் சேராமல் தனியே இருக்கும் ஒரு பிரைமரும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். சாதாரண உரிமதாரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள், 2400 பிரைமர்கள் வரை வைத்திருக்கலாம். யாருடைய உரிமத்தில் வாங்கினாரோ அவருடைய பெட்டகத்தில் இருக்க வேண்டும். இதை மாமா எப்போதுமே சரியாகச் செய்துவந்தார். நடந்த சிக்கலுக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை.

கையிருப்பு தீர்ந்தது

2020-க்குப் பிறகு உலகம் முழுக்கவே பிரைமர் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் வாங்குபவர்கள் திடீரெனப் பெருகினார்கள், ஏற்றுமதிக்கு மிஞ்சியது குறைவு. இறக்குமதியை நம்பியிருந்த நம் கடைகளில் அலமாரி காலியாகவே இருந்தது. மாமாவின் சிசிஐ 200 தீர்ந்தபோது கடையில் இரண்டுதான் கிடைத்தன. ஒன்று, அதே கம்பெனியின் மேக்னம் லார்ஜ் ரைஃபிள் பிரைமர் ('லார்ஜ் ரைஃபிள்' என்பது .308 போன்ற தோட்டாக்களுக்கான பிரைமர் அளவு). மற்றொன்று, ஐரோப்பியத் தயாரிப்பான சாதாரண லார்ஜ் ரைஃபிள் பிரைமர். மாமா அதற்கு முன் அதைத் தொட்டதில்லை.

இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கினார்கள். மேக்னத்தை விரும்பியது மருமகன். "மாமா, டண்டீயில காலையில உறைபனி. மேக்னம் பிரைமர்னா குளிர்லயும் நல்லா பத்தும்" என்றார். அந்த எண்ணம் முழுக்கத் தவறு இல்லை. மேக்னம் பிரைமர் கூடுதல் சூட்டோடு, கொஞ்சம் கூடுதல் நேரம் எரியும். பெரிய கேஸில் நிறைய பவுடர் இருக்கும்போதும், எளிதில் பற்றாத உருண்டைப் பவுடருக்கும், கடுங்குளிருக்கும் அது உதவும். ஆனால் எஸ்335 குச்சி வடிவப் பவுடர். .308 கேஸ் அளவுக்குச் சாதாரண பிரைமரே அதைத் தாராளமாகப் பற்றவைக்கும். டண்டீயின் உறைபனி அதை மாற்றாது.

அடுத்த முடிவுதான் எல்லாவற்றுக்கும் வேர். இரண்டு பிரைமரிலும் பழைய அளவு பவுடரையே, ஒரு கிரெயின் (பவுடரை நிறுக்கும் சின்ன எடை அலகு) கூடக் குறைக்காமல் போட்டார்கள். மாமா அன்று சொன்ன காரணம் இது: "பிரைமர்ங்கறது நெருப்புக்குச்சி மாதிரிதானேப்பா. எந்தக் குச்சில பத்தவச்சா என்ன, அடுப்பு ஒண்ணுதானே." வேட்டைக்குப் போகும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை எழுதுவது முக்கியம் என்று எனக்குப் பட்டது.

ரேஞ்சில் தெரிந்தது

கோடை, காலை பத்து மணி, முப்பது டிகிரி வெயில். புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்திருந்தார்கள்.

முதலில் மேக்னம் தோட்டாக்கள். முதல் சுடலிலேயே வேகம் பழைய சராசரியைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. மூன்றாவதில் போல்ட்டைத் தூக்கக் கை கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. நான்காவதில் உள்ளங்கையால் தட்ட வேண்டியதாயிற்று. கேஸின் அடிப்பாகத்தில், சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஓட்டை வட்டம் பளபளப்பாகப் பதிந்திருந்தது. பிரைமரின் விளிம்பு தட்டையாகிப் பாக்கெட்டின் (கேஸில் பிரைமர் உட்காரும் குழி) சுவரோடு ஒட்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிரைமர் தட்டையானதை மட்டும் பார்த்து, துப்பாக்கிக்குள் வாயுவின் அழுத்தம் கூடிவிட்டது என்று தீர்ப்பு சொல்வது சரியில்லை. ஒவ்வொரு கம்பெனியின் கோப்பை உலோகமும் தடிமனும் வேறு. ஒன்று மிதமான அழுத்தத்திலேயே தட்டையாகும், இன்னொன்று ஆபத்தான அழுத்தத்திலும் உருண்டையாகவே நிற்கும். ஆகவே ஒரு பிராண்டின் முகத்தை இன்னொரு பிராண்டின் முகத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஆனால் இங்கே வேகம், போல்ட் இறுக்கம், எஜெக்டர் தடம், தட்டையான விளிம்பு நான்கும் ஒன்றாக வந்தன. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

மாமா அந்த வரிசையை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ஐரோப்பிய பிரைமர் போட்ட தோட்டாக்களை எடுத்தார். அழுத்தத்தின் அறிகுறி எதுவும் இல்லை. வேறு தொல்லை வந்தது. சில தோட்டாக்கள் வெடிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்காதவற்றை மறுபடி போட்டு அடித்தபோது ஏறக்குறைய எல்லாமே வெடித்தன.

உடனே செய்தவை

சத்தம் வராத ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமல், குழல்முனையை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது அரை நிமிடம் மாமா காத்திருந்தார். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான். ஆனால் போல்ட்டை அவசரமாகத் திறக்கும் நேரத்தில் அது வெடித்தால் அடைப்பு இல்லாத கேஸ் முகத்துக்கு நேரே பிளக்கும். ரேஞ்ச் அதிகாரியும் ஒவ்வொரு முறையும் நேரத்தை எண்ணிச் சொன்னார்.

மேக்னம் தோட்டாக்களில் மிச்சம் இருந்ததைச் சுட வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. "இன்னும் ரெண்டு போட்டுப் பாப்போம், வெயில் சூடா இருக்கலாம்" என்று மருமகன் சொன்னபோது மாமா ஒப்புக்கொள்ளவில்லை. குளிர் நாளில் ஒருவேளை அது அடங்கியிருக்கும். ஆனால் வேட்டை முடிந்து பக்கியின் (பிக்கப் வண்டி) டேஷ்போர்டில் மதிய வெயிலில் கிடக்கும் தோட்டாவும் இதே தோட்டாதான் என்பது அவருடைய வாதம். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

வெடிக்காத தோட்டாக்களுக்கு யாரும் பார்க்காமலே ஒரு விளக்கம் தயாராகிவிட்டது: "இந்த பிரைமரே மட்டம்." பக்கத்து மேடையில் இருந்தவரும் அதையே சொன்னார். இதைவிட மென்மையான கோப்பை உள்ள பிராண்ட் கிடைத்தால் மாற்றிவிடுங்கள் என்றார். மாமா கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டார். அப்படிச் செய்திருந்தால் குறை தற்காலிகமாக மறைந்திருக்கும், மூலக்காரணம் அப்படியே இருந்திருக்கும்.

காரணத்தைத் தேடியது

மறு வாரம் மாமாவின் கராஜில் உட்கார்ந்தோம்.

பிரைமருக்குள் மூன்று பாகம். வெளியே உலோகக் கோப்பை, உள்ளே அடித்தால் வெடிக்கும் கலவை, அதற்கு மேல் ஆன்வில் எனப்படும் சின்ன உலோகத் துண்டு. இன்றைய பெரும்பாலான பிரைமர்களில் அந்தக் கலவையின் முக்கியப் பொருள் லெட் ஸ்டைஃப்னேட். ஃபயரிங் பின் கோப்பையை அடிக்கும்போது கலவை கோப்பைக்கும் ஆன்விலுக்கும் நடுவே நசுங்கிப் பற்றுகிறது. நசுங்க வேண்டும் என்றால் ஆன்விலின் கால்கள் பாக்கெட்டின் அடித்தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றவில்லை என்றால் பின்னின் அடி பிரைமரை முன்னே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், கலவை நசுங்காது. அந்த முதல் அடி பிரைமரை அடித்தரையில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது, இரண்டாவது அடி வெடிக்கவைக்கிறது.

மாமாவின் தோட்டாக்கள் நடந்துகொண்டது இதே மாதிரி. முதல் அடியில் சும்மா, இரண்டாவதில் வெடி. பிரைமர் கடினமாக இருப்பதாலோ ஸ்ட்ரைக்கர் (ஃபயரிங் பின்னும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும்) பலவீனமாக இருப்பதாலோ வரும் தவறு இவ்வளவு ஒழுங்காக வராது. சிலது இரண்டாவதிலும் வெடிக்காது, மூன்றாவதிலும் வெடிக்காது. இருந்தாலும் ஒரு ஊகத்தை வைத்து நிறுத்தவில்லை. நான்கு சாத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவது, கேஸின் தோள் (கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) அளவு. சுட்டு விரிந்த கேஸை அச்சில் அழுத்தி ரீசைஸ் செய்யும்போது தோளை அளவுக்கு மேல் பின்னே தள்ளிவிட்டால் தோட்டா அறைக்குள் தளர்வாக இருக்கும். பின் அடிக்கும்போது தோட்டா முழுவதுமே முன்னே நகர்ந்து அடியின் பலத்தை விழுங்கும். சுட்ட கேஸையும் ரீசைஸ் செய்த கேஸையும் கம்பேரட்டரில் அளந்தோம். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. சரியான அளவு. இதை ஒதுக்கினோம்.

இரண்டாவது, எண்ணெய். மாமா ரீசைஸ் செய்யப் பூசும் மசகை (லூப்) துடைத்த பிறகே பிரைமர் வைக்கிறார். பிரைமரைக் கையால் தொடுவதில்லை. இதுவும் இல்லை.

மூன்றாவது, பிரைமர் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. சுடாமல் மிச்சமிருந்த தோட்டாக்களைக் கண்ணாடி மேஜையில் செங்குத்தாக நிறுத்தினோம். சில ஆடின. பிரைமர் கேஸின் அடியை மீறி நின்றால்தான் தோட்டா அப்படி ஆடும். ஸ்டீல் ரூலரின் ஓரத்தை வைத்துப் பார்த்தபோது, ஆடாதவற்றிலும் பல, கேஸ் மட்டத்துக்குச் சமமாகத்தான் இருந்தன. பிரைமர் கேஸ் மட்டத்துக்குக் கீழே ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை இறங்கியிருக்க வேண்டும். மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.08 முதல் 0.13. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் விரல் நுனியால் தடவினால் சின்னப் பள்ளமாகத் தெரியும்.

ஏன் இறங்கவில்லை? இரண்டு காரணம் தெரிந்தது. ஐரோப்பிய பிரைமர் இந்த கேஸ்களின் பாக்கெட்டில் சிசிஐயைவிட இறுக்கமாக நுழைந்தது. பிரைமரை அழுத்தி வைக்கும் கைக்கருவியின் லீவர் பாதியிலேயே தடையைக் காட்டியது. பழகிய கை அதையே 'அடித்தரை வந்துவிட்டது' என்று நம்பி நின்றுவிட்டது. அதோடு, பல சுடல்களின் கரி பாக்கெட்டின் மூலையில் படிந்து கடினமாகியிருந்தது. சிசிஐ எளிதாக நுழைந்து அந்தக் கரியை நசுக்கி உட்கார்ந்துவந்தது, அதனால் மாமா பாக்கெட்டைச் சுத்தம் செய்யும் வேலையை எப்போதோ விட்டிருந்தார்.

நான்காவது, ஸ்ட்ரைக்கர். இதை மட்டும் தனியாகச் சோதிக்க விரும்பினோம். பாக்கெட்டைச் சுத்தம் செய்து, பிரைமரை ஆழமாக உட்காரவைத்து, பவுடரும் புல்லட்டும் இல்லாத கேஸ்களை மட்டும் ரேஞ்சுக்குக் கொண்டுபோனோம். போல்ட்டைப் பிரிக்காமல், துடைக்காமல் மாமா அப்படியே அடித்தார். ஒன்றைத் தவிர எல்லாம் வெடித்தன. அந்த ஒன்றுக்காகப் போல்ட்டைப் பிரித்தபோது ஸ்பிரிங் சுற்றிலும் பழைய கிரீஸ் மெழுகுபோல் கெட்டியாகியிருந்தது. சால்வெண்டில் கழுவி, உலர்த்தி, ஏறக்குறைய எண்ணெயே இல்லாமல் திரும்பப் பூட்டிய பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை.

இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். போல்ட்டை முதலிலேயே கழுவியிருந்தால் எது காரணம் என்பது தெரியாமலே போயிருக்கும். பெரும்பங்கு பிரைமரின் ஆழம், கொஞ்சம் பங்கு கிரீஸ். டர்பன் வெயிலில் இவ்வளவு தடுத்த கிரீஸ் டண்டீயின் அதிகாலையில் இன்னும் அதிகமாகவே தடுத்திருக்கும்.

தொழிற்சாலைகளில் ஒவ்வொரு தொகுதி பிரைமரையும் குறிப்பிட்ட உயரங்களிலிருந்து எஃகுக் குண்டை விழவைத்து எங்கே வெடிக்கிறது, எங்கே வெடிக்கவில்லை என்று சோதிக்கிறார்கள். அதைத் தாண்டி ஒரு பெட்டி முழுக்க மட்டமாக வருவது அரிது. அந்த ஐரோப்பிய பிரைமரின் மேல் எந்தக் குறையும் இல்லை.

மேக்னம் தோட்டாக்களை என்ன செய்தார்கள்

சுத்தியல் வகை புல்லர் கொண்டு புல்லட்டுகளை எடுத்தார்கள். பவுடரை அதன் பெயர் எழுதிய பழைய டப்பாவில் திரும்பப் போட மருமகன் எடுத்தார், மாமா தடுத்தார். எந்தப் பவுடர் என்று நூறு சதவீதம் தெரிந்தாலும், கேஸிலிருந்து வந்ததைப் புதிய பவுடரோடு கலக்க வேண்டாம் என்பது அவர் பழக்கம். அது தோட்டத்து மண்ணில் மெல்லியதாகப் பரப்பப்பட்டது.

கேஸ்களில் இருந்த உயிருள்ள பிரைமர்களை வெளியே தள்ளலாமா என்ற கேள்வி வந்தது. தள்ளவில்லை. பிரைமரை வெளியே தள்ளும் பின், ஆன்விலின் மேலேயே அழுத்தும். பலர் மெதுவாகச் செய்து தப்பித்திருக்கிறார்கள், ஆனால் விலை குறைந்த ஒரு சின்னப் பொருளுக்காகக் கண்ணைப் பணயம் வைக்கத் தேவையில்லை. பிரைமரோடு கூடிய கேஸ்களை அப்படியே வைத்து, பவுடரை ரீலோடிங் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறக்கி, மறுபடி படிப்படியாக ஏறுவது என்று முடிவு செய்தார்கள்.

அப்படி ஏறியபோது, பழைய வேகம் பழைய அளவுக்கு நன்றாகக் கீழேயே வந்துவிட்டது. போல்ட் லகுவாகத் திறந்தது. ஆனால் வேகத்தின் சிதறல் சாதாரண பிரைமரைவிட அதிகம். நூறு மீட்டரில் குண்டுகள் பட்ட இடங்களின் பரப்பும் விரிந்தது. வேட்டைக்கு அது போதும்தான், ஆனால் எந்த ஆதாயமும் இல்லை.

வேட்டைக்கு எதைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன்

மாமா ஐரோப்பிய சாதாரண பிரைமரைத் தேர்ந்தெடுத்தார். அதற்கும் தொடக்க அளவிலிருந்தே ஏறினார். பிரைமரை மாற்றினால் புதிய தோட்டா என்றே கொள்ள வேண்டும். மருமகன் ஒரு கட்டத்தில் "ஒரே சைஸ், ஒரே பெயர், அப்புறம் எதுக்கு மாமா மறுபடியும் முதல்லருந்து?" என்று கேட்டார். பதிலை மாமா மேஜையிலேயே காட்டினார். மேக்னத்தையும் சாதாரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளியே அளவு ஒன்றே, லார்ஜ் ரைஃபிள் எல்லாமே 0.210 அங்குல விட்டம். அந்த ஒற்றுமைதான் ஆளை ஏமாற்றுகிறது.

மருமகனின் .223-க்கு இந்தப் பாடம் இன்னும் நேராகப் பொருந்தும். ஸ்மால் ரைஃபிள், ஸ்மால் பிஸ்டல் இரண்டும் ஒரே அளவுதான், பாக்கெட்டில் இரண்டுமே நுழையும். பிஸ்டல் பிரைமரின் கோப்பை மெல்லியது. ரைஃபிள் அழுத்தத்தில் அது ஓட்டையாகி, சூடான வாயு போல்ட் வழியாகப் பின்னே பீய்ச்சும். ஸ்மால் ரைஃபிள் வகைக்குள்ளேயே சிசிஐயின் மேக்னமான 450-இன் கோப்பை, சாதாரணமான 400-ஐவிடத் தடிமன். லார்ஜ் வகையில் வேறு ஆபத்து: பிஸ்டல் பிரைமர் உயரம் குறைவு, ரைஃபிள் பிரைமரை பிஸ்டல் கேஸில் வைத்தால் மேலே துருத்தி நிற்கும்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மருமகன் தன் வீட்டில் மிச்ச பிரைமர்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருப்பதைச் சொன்னார். மாமா அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு போனார். பெட்டியின் தட்டில் ஒவ்வொரு பிரைமருக்கும் தனிக் குழி இருப்பது, ஒன்று வெடித்தால் மற்றவை கூடவே வெடிக்காமல் இருக்கத்தான். டின்னில் குவிந்து கிடந்தால் ஒன்றின் வெடிப்பு எல்லாவற்றுக்கும் பரவும், டின்னே துண்டுகளாகச் சிதறும். எந்த பிரைமர் எது என்று அடையாளம் தெரியாததால் அவற்றை ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒரு டீலரிடம் சேர்த்தார்கள். இந்த நிகழ்வில் உண்மையாகவே உயிராபத்துக்கு அருகில் போன தருணம் எது என்று கேட்டால், இறுகிய போல்ட்டுக்கு முன்னால் அந்தப் பிஸ்கட் டின்னைத்தான் சொல்வேன்.

வேட்டையில்

ஜூலையில் டண்டீ போனார்கள். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த விடியல். மாமா இரண்டு பிளெஸ்போக் எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டா. கிளம்புவதற்கு முன் ஜீரோ (தொலைநோக்கிக் குறியும் குண்டு படும் இடமும் ஒத்துப்போவதை) சரிபார்க்கச் சுட்டவையும் சேர்த்து எதுவும் தவறவில்லை. குரோனோகிராஃபில் குளிர்காலை வேகம் கோடையைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. அதை எதிர்பார்த்தே இருந்தார்கள்.

மாற்றிக்கொண்டவை

இப்போது ஒவ்வொரு முறையும் பிரைமர் பாக்கெட் சுரண்டப்படுகிறது. பிரைமர் வைத்த ஒவ்வொரு கேஸையும் விரலால் தடவிய பிறகே பவுடர் போடுகிறார்கள். குறிப்பேட்டில் பிராண்டின் பெயரோடு லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் எழுதுகிறார்கள். லாட் மாறினால் தொடக்க அளவிலிருந்து ஏறும் முழு ஏணி வேண்டாம், சில தோட்டாக்களைக் குரோனோகிராஃபில் பார்த்தால் போதும் என்பது மாமாவின் அளவுகோல். உச்ச அளவுக்கு அருகில் நிரப்புபவர்களுக்கு அது போதாது என்பது என் கருத்து, அதை அவரிடமும் சொன்னேன். வேட்டைக்காலத்துக்கு முன் போல்ட்டைப் பிரித்துக் கழுவுவதும் பட்டியலில் சேர்ந்தது. சிசிஐ 200 மறுபடி கடைக்கு வந்தபோது வாங்கினார், ஆனால் பழைய குறிப்பை நம்பிப் பழைய அளவுக்கு நேராகப் போகவில்லை. அந்த அளவு எழுதிய காலத்தில் இருந்த பவுடர் லாட் வேறு.

மிச்சமிருக்கும் மேக்னம் பிரைமர்கள் அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே மாமாவின் பெட்டகத்தில் இருக்கின்றன. மூடியின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு வரி: "335-க்கு வேண்டாம்."